புகார் எண் 38 திருப்பப்பட்ட விவரம்

14 ஜூலை, ஞாயிறு

நான் பணிபுரியும் செயலி நிறுவனத்தின் வழக்கறிஞர் என்னிடம் தேதி வாரியாக ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார். நீதிமன்ற அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவனுக்கு விளக்கம் எழுதுவது புதிதல்ல. ஆனால் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் நின்றுவிட்டது. ஆகவே என் நாட்குறிப்பிலிருந்து வேண்டிய நாட்களை அப்படியே படியெடுக்கிறேன். வீட்டு விஷயங்களை நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எது வீட்டு விஷயம், எது அலுவலக விஷயம் என்று பிரிப்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. இருக்கட்டும்.

இதில் கண்டுள்ளவை:

1. நான் இந்தப் பணிக்கு வந்த விதம்.
2. புகார் எண் 38 வந்த நாளும், அதை நான் எந்த வகையில் பதிந்தேன் என்பதும்.
3. அது இரண்டு முறை திருப்பப்பட்டதற்கான காரணங்கள்.
4. படம் நீக்கப்பட்ட விதம்.
5. என்னால் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த கெடுதி பதினொரு நாள் தாமதம் மட்டுமே என்பது.

3 ஜூன், திங்கள்

கோவை பீளமேட்டில் மூன்றாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. இரண்டு இடத்தில் நின்று ஏறினேன்.

செயலியை நடத்தும் நிரஞ்சன் என் பழைய நீதிபதி ஒருவரின் சகோதரி மகன். முப்பத்திரண்டு வயது இருக்கலாம். மரியாதையான பிள்ளை. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"ஐயா, ஜனங்க சின்னச் சின்னப் படமா எடுத்து இதுல போடுவாங்க, மத்தவங்க பாப்பாங்க. அதுதான் நம்ம தொழில். எவனாச்சும் போடக் கூடாததப் போட்டா, புகார் வாங்கறதுக்கு ஒருத்தர் பேரும் போன் நம்பரும் செயலில இருக்கோணும்னு சட்டம். புகார் வந்தா ஒரு நாளைக்குள்ள 'வந்து சேர்ந்தது'ன்னு பதில். பதினஞ்சு நாளுக்குள்ள முடிவு. அந்தரங்கமான படம்னா மட்டும் இருபத்திநாலு மணி நேரத்துல எடுத்தாகோணும். அவ்வளவுதானுங்க. நீங்க பேரு குடுத்தாப் போதும்."

பதவியின் பெயர் குறைதீர் அலுவலர். என் பெயர், ப. சென்னியப்பன், செயலியில் ஒரு மூலையில் வந்திருப்பதைக் காட்டினார். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

என் மேசைக்குப் பின்னால் பனிக்கண்ணாடி வைத்த அறை. அங்கே ஜெசிந்தா என்ற தூத்துக்குடிப் பெண்ணும் அவர் கீழ் நான்கு பெண்களும் உட்கார்ந்து, செயலிக்கு வரும் படங்களைப் பார்த்து, ஆகாதவற்றை நீக்குகிறார்கள். என்னென்ன படங்கள் என்று ஜெசிந்தா சாதாரணமாகச் சொல்லத் தொடங்கியதும் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஏதாவது தேவைப்பட்டால் சீட்டு எழுதி அனுப்புவதாகச் சொன்னேன்.

"சீட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

5 ஜூன், புதன்

பதிவேடு கோடு போட்டு முடித்தேன். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது.

11 ஜூன், செவ்வாய்

எட்டுப் புகார்கள். ஆறு, பாட்டைத் திருடிப் போட்டதைப் பற்றியவை. ஒன்று, பக்கத்து வீட்டு நாய் பற்றி. அது ஏன் எங்களுக்கு வந்தது என்று தெரியவில்லை. எட்டாவது, எண் 38. அந்தியூரிலிருந்து பூவாத்தாள் என்ற அம்மாள். மின்னஞ்சல் ஒரு ஜெராக்ஸ் கடையின் முகவரியிலிருந்து வந்திருக்கிறது.

"ஐயா, எங்கள் வீட்டுப் பெண்ணின் படம் ஒன்று அவள் சம்மதம் இல்லாமல் உங்கள் செயலியில் போடப்பட்டுள்ளது. அது மரியாதைக் குறைவாக உள்ளது. தயவுசெய்து எடுத்துவிடவும்."

அச்செடுத்து, மேல்தாள் வைத்து, நூல் கட்டினேன். எந்த வகையில் பதிவது என்பதில் அரை மணி நேரம் போயிற்று. பட்டியலில் ஐந்து வகை இருக்கின்றன. அந்தரங்கப் படம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் அப்படி எழுதவில்லை. எழுதாததை நானாக ஊகித்து ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லை எழுதுவது முறையல்ல என்று பட்டது. 'மற்றவை' என்று பதிந்தேன். கெடு 26 ஜூன்.

12 ஜூன், புதன்

எண் 38-க்குத் திருப்புக் குறிப்பைக் கையால் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பினேன். நீதிமன்றத்தில் குறையுள்ள மனுவை எண்ணிட மாட்டோம். குறைகளை வரிசையாக எழுதித் திருப்புவோம். சரி செய்து மறுபடி கொண்டுவருவார்கள். அதே முறை.

"குறைகள்: ஒன்று, பாதிக்கப்பட்டவர் கையெழுத்து இல்லை. இரண்டு, படம் உள்ள இடத்தின் இணைய முகவரி தரப்படவில்லை. மூன்று, மரியாதைக் குறைவு எவ்வகையானது என்று கூறப்படவில்லை. நிவர்த்தி செய்து மீண்டும் அனுப்பவும்."

அனுப்பும் முன் மூன்றாவதை அடித்துவிட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது.

சாப்பிடும்போது மனைவி சுலோசனாவிடம் பெயர் சொல்லாமல் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏனுங்க, அந்தம்மா வந்து எடுங்கன்னு சொல்லுது. நீங்க கையெழுத்து எங்கன்னு கேக்கறீங்க. கோர்ட்டுலதான் வாய்தா வாய்தான்னு இழுப்பீங்க. இங்கயுமா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

"இருக்குதுங்க, நல்லா இருக்குது. மோர் ஊத்தட்டுமா?"

14 ஜூன், வெள்ளி

எண் 38 திரும்பி வந்தது, அதே ஜெராக்ஸ் கடையிலிருந்து. பெண்ணின் பெயர் யமுனா, வயது 24, தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆய்வகப் பணி. கையெழுத்து ஸ்கேன் செய்து அனுப்பப்பட்டுள்ளது. தெளிவான, சின்னக் கையெழுத்து. கடைசி எழுத்தின் அருகே பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

இணைய முகவரி இல்லை. "பெண்ணின் செல்போன் இப்போது இல்லை. அதனால் முகவரி எங்களுக்குத் தெரியவில்லை. போட்டவன் பெயர் கேட்டால் சொல்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

15 ஜூன், சனி

இரண்டாம் முறை திருப்பினேன். "இணைய முகவரி இன்றிப் பரிசீலிக்க இயலாது."

மாலை ஜெசிந்தா தேநீருடன் என் மேசைப் பக்கம் வந்தார். "என்ன சார், நாள் பூரா நூலு கட்டிட்டே இருக்கிய. தீவாளிக்குப் பட்டம் விடப் போறியளா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. முகவரி இல்லாமல் ஒரு படத்தைத் தேட முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையில் தேநீர் இருந்தது. ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

16 ஜூன், ஞாயிறு

சிறுவாணித் தண்ணீர் ஒன்பது நாளுக்குப் பிறகு வந்தது. எல்லாப் பாத்திரங்களிலும் பிடித்து வைத்தோம். முழங்கால் வலி.

18 ஜூன், செவ்வாய்

எண் 38 மூன்றாம் முறை. இணைய முகவரி, எழுத்துப் பிழையில்லாமல். போட்டவன் பெயரும் இருக்கிறது. நிச்சயம் ஆகி நின்றுபோன மாப்பிள்ளை என்று எழுதியிருக்கிறார்கள். மேல்தாளில் 'முழுமை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். திருப்பிய மனு குறையில்லாமல் திரும்பி வருவதைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி உண்டு.

முகவரியைத் தட்டிப் பார்க்கவில்லை. தாள்களைச் சரிபார்ப்பது மட்டுமே என் வேலை.

19 ஜூன், புதன்

உள்ளறைக்குச் சீட்டு வைத்தேன். 'மற்றவை, கெடு 26 ஜூன், வரிசைப்படி.'

20 ஜூன், வியாழன்

காலை பதினொன்றே காலுக்குத் தொலைபேசி.

"குறை தீக்கற ஐயாவுங்களா? அந்தியூருங்க. பூவாத்தாளுங்க."

"சொல்லுங்கம்மா. உங்க புகார் முழுமையாயிருச்சு. உள்ள அனுப்பியிருக்கறேன்."

"நீங்க கேட்டதெல்லாம் குடுத்துட்டமுங்க. இன்னும் ஓடிட்டேதான் இருக்குதுங்க சாமி."

"பதினஞ்சு நாள் அவகாசம் இருக்குதுங்கம்மா. இருபத்தாறுக்குள்ள…"

"முந்தாநாள் வரைக்கும் பொண்ணு வேலைக்குப் போயிட்டுத்தான் இருந்தாளுங்க. அது வரைக்கும் வெசயம் அவளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். இப்பக் கதவத் தொறக்க மாட்டேங்கறா. ஜன்னல்லயும் சீலையக் கட்டிட்டா. மாமன் மச்சான் எல்லாம் போன் பண்ணிக் கேக்கறாங்க. நா என்னங்க சொல்லட்டும்?"

வரிசைப்படி பார்ப்பார்கள் என்றேன். அவர் சரிங்க என்று சொன்னார். நான்தான் முதலில் வைத்தேன்.

உள்ளறைக் கதவு வரை போனேன். உள்ளே எல்லோரும் வேலையாக இருந்தார்கள்.

22 ஜூன், சனி

அந்த அம்மாளே வந்துவிட்டார். விடியக்காலைப் பேருந்து பிடித்து, மூன்று மாடி ஏறி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் நான் அனுப்பிய இரண்டு திருப்புக் குறிப்புகளையும் அச்செடுத்து மடித்து வைத்திருந்தார். மேசை மேல் அடுக்கி வைத்தார்.

"எல்லாம் செரியா இருக்குதான்னு பாருங்க. இன்னும் ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லிருங்க. நா கையோட முடிச்சுக் குடுத்துட்டுப் போறனுங்க."

குறை எதுவும் இல்லை என்றேன்.

"அப்பறம் ஏனுங்க எடுக்கல?"

நான் பதிவேட்டைத் திறந்து, வகை, கெடு ஆகிய கட்டங்களைக் காட்டினேன். அந்தரங்கப் படம் என்றால் ஒரே நாளில் எடுத்திருப்போம், தாங்கள் மரியாதைக் குறைவு என்று மட்டும் எழுதியிருந்தீர்கள் என்று விளக்கினேன். அவர் கட்டத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"அதைய நா எப்படிங்க எழுதறது? வேற எப்படி எழுதுவாங்க? உங்க வூட்டுல பொண்ணுக இல்லீங்களா?"

எங்களுக்குக் குழந்தை இல்லை. பதிவேட்டை மூடினேன்.

குரல் கேட்டு ஜெசிந்தா வெளியே வந்தார். தாளை எடுத்துப் படித்தார். அந்த அம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கதவு மூடியது. சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபத்தொன்று. பதினொன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது.

"எடுத்தாச்சு சார். மறுபடி யார் ஏத்தினாலும் நிக்காம அடைச்சாச்சு." பிறகு தாழ்ந்த குரலில், "ஏன் சார் என்ட்ட வரல? இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கந்தான இருக்கேன். முகவரியே வேண்டாம். போட்டவன் பேரு போதும். ரெண்டாவது தாள்லயே பேரு சொல்லுதோம்னு எழுதிருக்காங்களே."

"வகை மற்றவைன்னு இருந்துச்சும்மா."

"அந்த வகைய எழுதினது யாரு சார்?"

பதிவுக்காக அவர் படித்துக் காட்டிய எண்களை எழுதிக்கொண்டேன். படம் ஏற்றப்பட்டது 9 ஜூன். பார்த்தவர்கள்: பதினொன்றாம் தேதி வரை 17 பேர். பதினேழாம் தேதி வரை 22. பதினெட்டாம் தேதி இரவுக்குள் 640. இன்று நீக்கும்போது 4,118.

பூவாத்தாள் அம்மாள் போகும்போது என்னிடம் "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தண்ணீர் கொடுக்க மறந்துவிட்டேன்.

24 ஜூன், திங்கள்

ஜெசிந்தாவும் நானும் நிரஞ்சனைப் பார்த்தோம். நீக்கினால் மட்டும் போதாது. பதிவுகளைப் பத்திரப்படுத்தி, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னார். நான் தலையாட்டினேன்.

"அவங்க கேட்டாக் குடுத்துரலாம் அக்கா. நாமளே போயி ஏன் தலையக் குடுக்கோணும்? நாம வெறும் பலகைதான. எழுதறவன் எழுதறான்."

"பலகைல எழுதினத அழிக்க நம்மட்டதான துணி இருக்கு?" என்றார் ஜெசிந்தா.

நிரஞ்சன் என்னைப் பார்த்தார். "ஐயா என்ன சொல்றீங்க?"

இரு பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். மாலையில் சைபர் குற்றப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், நல்ல கடிதம்தான். இழுப்பறையில் இருக்கிறது.

29 ஜூன், சனி

கண் சொட்டு மருந்து வாங்கினேன். சுலோசனா கேட்டாள், "அந்தப் புள்ள எப்படி இருக்குதாம்?" தெரியாது என்றேன். "கேக்கலாமல்ல" என்றாள்.

5 ஜூலை, வெள்ளி

பூவாத்தாள் அம்மாள் தாமாகவே காவல்துறைக்குப் போயிருக்கிறார். அவர்கள் எங்கள் நிறுவனத்திடம் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதினொரு நாள் ஏன் ஆயிற்று என்பதுதான் முதல் கேள்வி.

9 ஜூலை, செவ்வாய்

வழக்கறிஞர் வந்தார். என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

"சார், நீங்க தெய்வம். இந்த ரெண்டு மெமோவும்தான் நமக்குக் காப்பு. குறையுள்ள புகார், திருப்பினோம். முகவரி பதினெட்டாம் தேதிதான் கைக்கு வந்துச்சு. அதுக்கப்பறம் நாலு நாள்தான். கெடுவுக்குள்ளதான் எடுத்திருக்கறோம். இதையே நீங்க தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க."

சட்டப் புத்தகத்தை அவரிடமே வாங்கிப் பார்த்தேன். பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் யாராவதோ புகார் தரலாம் என்று இருக்கிறது. கையெழுத்துக் கேட்டதற்கு இடமே இல்லை. விரல் வைத்துக் காட்டினேன். "அத யாரு சார் பாக்கப் போறா" என்றார்.

முதல் நாளே நான் இதைப் படித்திருக்க வேண்டும். படித்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

15 ஜூலை, திங்கள்

நேற்று இரவு வரை மேலே உள்ளதையெல்லாம் படியெடுத்தாயிற்று. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'இணைய முகவரி பெறப்பட்ட விதம்.' பெண்ணிடம் செல்போன் இல்லை என்று பதினான்காம் தேதி எழுதியவர்கள் பதினெட்டாம் தேதி முகவரியை எப்படிக் கொடுத்தார்கள் என்று பதிவில் இல்லை. காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பத்து மணிக்கு அந்தியூருக்குத் தொலைபேசி செய்தேன்.

முதலில் யமுனா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அதைக் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன்.

"ஒசூர்ல எங்க சின்ன நாத்தனா வூட்டுல உட்டுருக்கறமுங்க. வேலைய உட்டுட்டா. போன்ல பேச மாட்டா. நாத்தனாகிட்டக் கேட்டாச் சாப்பிட்டாங்கறாங்க, அவ்வளவுதானுங்க. என்னையப் பாக்கோணும்னு அவளும் கேக்கறதில்ல."

பிறகு, முகவரியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுங்களா. அவன் படத்த அனுப்பி, இன்ன செயலில போட்டுட்டன்னு எழுதியிருந்தானுங்க. பாத்ததும் அவ போனக் கெணத்துல எறிஞ்சுட்டா. எனக்கு எங்கீங்க அதெல்லாந் தெரியும்? ஜெராக்ஸ் கடைக்காரருகிட்டத்தான் போனேன். எங்க வூட்டுக்காரருக்குப் பங்காளிதானுங்க அவரு. மொதத் தடவ அவருதான் டைப் அடிச்சாரு. அவருக்கு முன்னால எப்படிங்க வாய் தொறந்து சொல்றது? மரியாதைக் குறைவான படம்னு அடிங்கன்னு சொன்னேன். என்ன படம்னு அவரும் கேக்கல. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"ரெண்டாந்தடவ நீங்க கையெழுத்துக் கேட்டீங்க. அதுல அவருக்குப் பொண்ணு பேரு தெரிஞ்சுபோச்சு. மூணாந்தடவ, அட்ரஸு இல்லீன்னா ஆகாதுன்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்கும் கெஞ்சிக் கேட்டனுங்க, அட்ரஸு இல்லாமக் குடுக்க முடியாதான்னு. இதுல முடியாதுன்னு போட்டிருக்குதுக்கா, அரசாங்க வேல மாதிரி இருக்குதுன்னாரு. அந்தப் பையன் பேரச் சொன்னேன். அவரே தேடி எடுத்தாரு. நா சொவத்தப் பாத்துட்டு நின்னனுங்க. கடையில அன்னிக்கு ரெண்டு பேரு இருந்தாங்க."

என்மேல் குறை என்று அவர் சொல்லவில்லை. "அந்தக் கடிதாசிய நீங்கதான் எழுதினீங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "கையெழுத்து நல்லா இருந்துச்சுங்க" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை.

வைத்துவிட்டு, காலியாக இருந்த கட்டத்தை நிரப்பினேன். பிறகு ஜூன் 22-ஆம் தேதிப் பக்கத்தில் உள்ள எண்களை மறுபடி பார்த்தேன். பதினேழாம் தேதி வரை இருபத்திரண்டு பேர். ஒன்பது நாளில் இருபத்திரண்டே பேர். அவர்கள் யாரும் அந்தியூர்க்காரர்களாக இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பதினெட்டாம் தேதி காலை என் இரண்டாவது குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் கடைக்குப் போயிருக்கிறார். அன்று இரவுக்குள் அறுநூற்று நாற்பது.

ஒருவேளை கடைக்காரர் காரணமாக இல்லாமலும் இருக்கலாம் என்று மாலையில் ஒரு மணி நேரம் யோசித்துப் பார்த்தேன். அப்படி எழுதவும் தொடங்கினேன். சுலோசனா வந்து தோளுக்கு மேலாகப் படித்தாள். விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இழுப்பறையில் இருந்த கடிதத்தை எடுத்துவந்து, இன்றைய தேதியிட்டு, இந்தப் படிகளின் ஒரு நகலுடன் உறையிலிட்டேன். காலையில் பதிவுத் தபாலில் காவல்துறைக்குப் போகும். மற்றொரு நகல் வழக்கறிஞருக்கு. அவர் கேட்ட கையெழுத்து இதில் இருக்கிறது. அவர் கேட்ட காப்பு இருக்காது. நிரஞ்சன் என் பெயரைச் செயலியிலிருந்து எடுத்துவிடலாம்.

முன்பக்கத்தைத் திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன். திருத்தினால் நேற்று வரை நான் என்ன நம்பிக்கொண்டிருந்தேன் என்பது தெரியாமல் போய்விடும். அப்படியே வைக்கிறேன். அதில் முதல் நான்கும் சரி. ஐந்தாவதாக, தாமதம் மட்டுமே என்று எழுதியது தவறு.